விவிலியத்தில் ஒரு கேள்வி முளைத்தால்: விடை தேடும் முறை

காயினுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்? இயேசுவுக்குச் சகோதரர்கள் இருந்தார்களா? சிலை செய்யாதே என்று கட்டளை இருக்கும்போது கோவிலில் சுரூபம் எதற்கு? இறந்தவர்கள் தூய்மை பெறும் உத்தரிக்கும் ஸ்தலம் எந்த வசனத்தில் இருக்கிறது?

விவிலியத்தைக் கையில் எடுக்கிற எவருக்கும் இப்படிச் சில கேள்விகள் சீக்கிரமே வந்துவிடும். யூடியூபில் தேடினால் பத்து நிமிடத்தில் பத்து பதில் கிடைக்கும். அதில் பாதி மீதிப் பாதியை வெட்டும். பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம், கேள்வி என்ன வகை என்று பார்க்காமலேயே விடையைத் தேடப் போவதுதான். வசனம் பற்றிய கேள்வி, போதனை பற்றிய கேள்வி, ஒழுங்குமுறை பற்றிய கேள்வி, வெறும் செவிவழிச் செய்தி என ஒவ்வொன்றுக்கும் தேடும் இடம் வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்கும் சேர்த்து, அந்த முறை கீழே.

கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, இணைத் திருமுறை நூல்கள் சேர்ந்த திருவிவிலியம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு போதும். வாங்கும்போது பொருளடக்கத்தில் 'தோபித்து' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது 66 நூல்கள் கொண்ட பதிப்பு. கத்தோலிக்கப் பட்டியல் 46 பழைய ஏற்பாட்டு நூல்களும் 27 புதிய ஏற்பாட்டு நூல்களுமாக 73. கூடுதலாக இருக்கும் இணைத் திருமுறை நூல்கள் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் நூல்கள் இரண்டு; இவற்றோடு எஸ்தரிலும் தானியேலிலும் சில கிரேக்கப் பகுதிகள். இந்தப் பட்டியலை ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8 அன்று முறையாக அறிவித்தது. அதற்காக அந்த நூல்கள் அன்றுதான் நுழைக்கப்பட்டன என்று நினைக்க வேண்டாம். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் வட ஆப்பிரிக்கச் சங்கங்கள் தந்த பட்டியலிலேயே அவை இருக்கின்றன.

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் வசன எண்தான். நண்பர் 'ஆதியாகமம்' என்பார், உங்கள் புத்தகத்தில் அது 'தொடக்கநூல்'. யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் திருப்பாடல் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும், ஏனென்றால் அவை இலத்தீன் எண்ணிக்கையைப் பின்பற்றின. இன்றைய 51ஆம் திருப்பாடல் அங்கே 50. தினசரி வாசகத்தில் 'தானியேல் (இ)' என்று கண்டால், இணைத் திருமுறைப் பகுதிக்குப் போக வேண்டும். வேறு மொழிப் பதிப்புகளில் தானியேல் 3:52 என்று இருப்பது அங்கே (இ) 1:29.

இரண்டாவது, 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். இதில் 2865 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பக்க எண்ணைக் குறிக்காதீர்கள், பத்தி எண்ணைக் குறியுங்கள். எந்த மொழிப் பதிப்பிலும் அது மாறாது.

மூன்றாவது, ஒரு நோட்டு. கைப்பேசியிலும் எழுதலாம். ஆனால் மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்க நோட்டுதான் வசதி.

படி 1: கேள்வியைச் சரியாக எழுதுங்கள்

"விவிலியத்தில் முரண்பாடு இருக்கிறதே" என்பது புகார். அதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: எந்த வசனம், அது என்ன சொல்கிறது, நான் எதிர்பார்த்தது என்ன, இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது.

நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். 'விவிலியத்தில் இருக்கிறது' என்று நாம் நம்பும் பல விஷயங்கள் அதில் இல்லை. ஏவாள் தின்றது ஆப்பிள் என்று தொடக்கநூலில் கிடையாது; வெறும் கனிதான். மத்தேயு 2இல் ஞானிகள் வருகிறார்கள். மூன்று பேர் என்றோ அரசர்கள் என்றோ அங்கே எழுதவில்லை. மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னா என்ற பெயர்கள் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. அவை இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருமுறையில் (விவிலிய நூல் பட்டியலில்) சேராத ஒரு நூலிலிருந்து வந்தவை. பவுல் குதிரையிலிருந்து விழுந்ததாக ஓவியங்கள் காட்டும். திருத்தூதர் பணிகள் 9இல் குதிரையே இல்லை. மகதலா மரியாவைப் பாவிப் பெண் என்று சொல்லும் வழக்கம், லூக்கா 7இல் வரும் பெயரில்லாத பெண்ணோடு அவரை ஒன்றாகச் சேர்த்துப் பேசிய திருத்தந்தை பெரிய கிரகோரியின் ஆறாம் நூற்றாண்டு மறையுரையால் பரவியது. வசனத்தைத் தேடி எடுத்தவுடனேயே கணிசமான கேள்விகள் இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: முழு அதிகாரத்தையும் படியுங்கள், பேசுவது யார் என்று பாருங்கள்

ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வாதாடுவதே மிகப் பழைய தவறு. அந்த அதிகாரம் முழுவதையும், முந்தைய பிந்தைய அதிகாரங்களையும் ஒருமுறை படிக்க இருபது நிமிடம் ஆகும். பேசுகிறவர் யார் என்பதைப் பென்சிலால் குறியுங்கள். யோபுவின் நண்பர்கள் பக்கம் பக்கமாகப் பக்தியோடு பேசுகிறார்கள். அவர்கள் பேச்சிலிருந்து ஒரு வரியை எடுத்து 'கடவுள் சொன்னார்' என்று சுவரில் மாட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் யோபு 42:7இல், அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று ஆண்டவரே கடிந்துகொள்கிறார்.

அடுத்து, அதே நிகழ்ச்சி வேறு நூலில் வருகிறதா என்று பாருங்கள். பக்க ஓரத்திலோ அடியிலோ உள்ள ஒப்புமைக் குறிப்புகள் இதற்குத்தான்.

படி 3: என்ன வகை எழுத்து?

தொடக்கநூல் 1இல் செடிகொடிகள், பிறகு விலங்குகள், கடைசியில் மனிதர். அதிகாரம் 2இல் முதலில் மனிதன் (2:7), பிறகு மரங்கள் (2:9), பிறகு விலங்குகள் (2:19), கடைசியில் பெண் (2:22). இரண்டையும் ஒரே நாள்குறிப்பாகப் படித்தால் இடிக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, பத்தி 12இல், ஆசிரியர் எந்த இலக்கிய வகையில் எழுதுகிறார் என்று பார்க்கச் சொல்கிறது. மறைக்கல்வி 390, தொடக்கநூல் 3 உருவக மொழியில் எழுதப்பட்டது என்றும், ஆனால் மனித வரலாற்றின் தொடக்கத்தில் நடந்த ஒன்றையே அது சொல்கிறது என்றும் கூறுகிறது. இரண்டு பாதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாரார் முதல் பாதியை மட்டும் எடுத்து 'எல்லாம் கதை' என்பார்கள், மறு சாரார் இரண்டாவதை மட்டும் எடுத்து ஆறு நாளைக் கடிகாரத்தில் அளப்பார்கள்.

காயினின் மனைவி (4:17) இந்த வகைக் கேள்வி. தொடக்கநூல் 5:4 ஆதாமுக்கு வேறு மகன்களும் மகள்களும் பிறந்ததாகச் சொல்வதால், அவள் சகோதரியாக இருக்கலாம் என்பது அகுஸ்தீன் காலத்திலிருந்தே வழங்கிவரும் விடை. அதே சமயம், 4:14இல் "என்னைக் காண்கிற எவரும்" என்று காயின் அஞ்சுவதைப் பார்த்தால், சுற்றிலும் மக்கள் இருப்பதாகக் கதைசொல்லி எடுத்துக்கொள்கிறார் என்பது தெரிகிறது. ஊர்க்கணக்கு எடுப்பது அவர் நோக்கமாகத் தெரியவில்லை. அவள் யார் என்று திருச்சபை எதையும் வரையறுக்கவில்லை. இதில் மணிக்கணக்கில் உட்காருவது வீண்.

முரண்பாடு உண்மையாகவே இருந்தால்

இருக்கும். அதை மறைக்காமல் எதிர்கொள்ளப் பழகுங்கள். தாவீதின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்ல பயிற்சி. 2 சாமுவேல் 24:1இல் ஆண்டவரின் சினம் தாவீதைத் தூண்டுகிறது. 1 குறிப்பேடு 21:1இல் தூண்டுவது சாத்தான். கணக்கும் ஒத்துப்போகவில்லை: சாமுவேலில் இஸ்ரயேலர் 8,00,000, யூதாவினர் 5,00,000; குறிப்பேட்டில் 11,00,000, 4,70,000. பிறகு பலிபீடம் கட்டுவதற்காகப் போரடிக்கும் களத்துக்குத் தாவீது கொடுத்த விலை ஓரிடத்தில் 50 வெள்ளிச் செக்கேல், மற்றோரிடத்தில் 600 பொன் செக்கேல்.

எண்களை ஒட்டவைக்கப் பழைய உரையாசிரியர்கள் முயன்றிருக்கிறார்கள்: 50 செக்கேல் களத்துக்கும் மாட்டுக்கும், 600 அந்த இடம் முழுவதுக்கும் என்று. இருக்கலாம். ஆனால் முதல் வசனத்து வேறுபாட்டுக்கு ஒட்டு வேலை உதவாது. அதுதான் முக்கியமான பகுதியும்கூட. குறிப்பேடு நாடுகடத்தலுக்குப் பின் எழுதப்பட்ட நூல். தீமைக்குத் தூண்டுதலை நேராகக் கடவுளிடம் ஏற்றிச் சொல்ல அந்தக் காலத்தவர் தயங்கினார்கள். கடவுளைப் பற்றிய புரிதல் இஸ்ரயேலில் படிப்படியாகத் தெளிவடைந்ததை இரண்டு நூல்களையும் அருகருகே வைத்தால் கண்ணால் பார்க்கலாம். முன்சொன்ன கொள்கைத் திரட்டின் பத்தி 11, நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை விவிலியம் தவறின்றிக் கற்பிக்கிறது என்கிறது. செக்கேல் கணக்குக்காக நம்பிக்கையை அடகு வைக்கத் தேவையில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன். யூதாசின் இறப்பையும் (மத்தேயு 27:5, திருத்தூதர் பணிகள் 1:18) இதே முறையில் படித்துப் பாருங்கள்.

படி 4: போதனை எந்தத் தளத்தில் நிற்கிறது?

கத்தோலிக்க நம்பிக்கை பற்றிய கேள்விகளில் பாதிக் குழப்பம் இங்கேதான். எல்லாமே ஒரே எடை என்று நினைத்துவிடுகிறோம். நான்கு தளமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மறையுண்மைக் கோட்பாடு: மாறாதது. மூவொரு கடவுள், கிறிஸ்துவின் உயிர்ப்பு போன்றவை. மரியா பிறவிப் பாவமின்றிக் கருவானார் என்னும் அமல உற்பவம் (1854), திருத்தந்தை அதிகாரபூர்வமாக வரையறுக்கும் போதனையில் தவற மாட்டார் என்னும் வழுவாவரம் (1870), மரியாவின் விண்ணேற்பு (1950 நவம்பர் 1) ஆகியவையும் இங்கே வரும். ஆண்டைப் பார்த்துவிட்டு '1950இல்தான் கண்டுபிடித்தார்கள்' என்று வாதிடுகிறவர்கள், அது வரையறுக்கப்பட்ட ஆண்டு என்பதை விட்டுவிடுகிறார்கள்; விண்ணேற்புத் திருவிழா அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது.

ஒழுங்குமுறை: மாறக்கூடியது, மாறியும் இருக்கிறது. நற்கருணை வாங்குமுன் நள்ளிரவிலிருந்து பட்டினி இருக்க வேண்டும் என்பது 1957இல் மூன்று மணி நேரமானது, 1964இல் ஒரு மணி நேரம். குருக்களின் மணத்துறவும் இந்த வகைதான்; உக்ரைனிய கிரேக்கக் கத்தோலிக்கர், மாரோனைட்டுகள் போன்ற கீழைத் திருச்சபைகளில் மணமானவர்கள் குருவாகலாம். "திருச்சபை போதனையை மாற்றிவிட்டது" என்று யாராவது சொன்னால், மாறியது எந்தத் தளத்தில் என்று முதலில் கேளுங்கள்.

இறையியல் கருத்து: வரையறுக்கப்படாதது. திருமுழுக்கு பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கென்று சொல்லப்பட்ட 'லிம்போ' அப்படிப்பட்டது. மறைக்கல்வி 1261 அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. அங்கே லிம்போ என்ற பேச்சே இல்லை. பன்னாட்டு இறையியல் குழு 2007இல் வெளியிட்ட ஆவணமும் அவர்களின் மீட்பை எதிர்நோக்க நல்ல காரணங்கள் உண்டு என்றே சொல்கிறது. குழந்தையை இழந்த வீட்டில் பழைய லிம்போ பாடத்தை ஒப்பிப்பவர்களுக்கு இந்த இரண்டையும் காட்டலாம்.

தனி வெளிப்பாடு: காட்சிகள், செய்திகள். மறைக்கல்வி 67 இதற்கானது. திருச்சபை ஏற்றவையும்கூட நம்பிக்கைக் கருவூலத்தின் பகுதி ஆவதில்லை. 2024 மே மாதம் வந்த புதிய நெறிமுறைப்படி, வழக்கமாகத் 'தடையில்லை' என்ற அளவிலேயே அனுமதி தரப்படும். நிகழ்ச்சி இயற்கைக்கு மேற்பட்டது என்ற அறிவிப்பு பொதுவாக இருக்காது. 'மூன்று நாள் இருள்' என்று வாட்சாப்பில் சுற்றும் செய்திகளுக்கு இந்த அளவுகூடக் கிடையாது. அழித்துவிடுங்கள்.

படி 5: மறைக்கல்வியிலிருந்து வசனத்துக்குத் திரும்புங்கள்

பின்னால் உள்ள பொருள் அகரவரிசையில் சொல்லைத் தேடி, பத்தியைப் படித்து, அடிக்குறிப்பில் உள்ள வசனங்கள் அனைத்தையும் திறந்து பாருங்கள். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பாதி விடைதான் கிடைக்கும்.

உத்தரிக்கும் ஸ்தலம்: பத்திகள் 1030 முதல் 1032. அடிக்குறிப்பில் 2 மக்கபேயர் 12, 1 கொரிந்தியர் 3:15. மக்கபேயர் பகுதியில் யூதப் படைத் தலைவர் யூதா, போரில் இறந்த வீரர்களின் பாவத்துக்காக 2000 வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். அந்த நூல் 66 நூல் பதிப்பில் இல்லை என்பதால், பிற சபை நண்பரோடு பேசும்போது வாதம் அங்கேயே முறியும். முதலில் எந்தப் பட்டியலை ஏற்கிறோம் என்பதைப் பேசிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். வரையறுக்கப்பட்டது என்ன? இறந்தபின் தூய்மை பெறும் நிலை ஒன்று உண்டு, நம் மன்றாட்டு அதில் இருப்போருக்கு உதவும். அவ்வளவே. அது பூகோள இடமா, எத்தனை நாள் என்பதெல்லாம் வரையறையில் இல்லை. பழைய செபப் புத்தகங்களில் ஒரு செபத்துக்கு '300 நாள் பலன்' என்று இருக்கும். உத்தரிக்கும் ஸ்தலத்தில் 300 நாள் குறைகிறது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அது ஆதித் திருச்சபையின் தவ முயற்சி நாள்களோடு ஒப்பிட்ட அளவு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் அந்த நாள் கணக்கையே எடுத்துவிட்டார்.

சுரூபங்கள்: பத்திகள் 2129 முதல் 2132. விடுதலைப் பயணம் 20:4-5 தடுக்கிறது. ஐந்து அதிகாரம் தள்ளி 25:18இல் இரண்டு பொன் கெருபுகளை (வானதூதர் உருவங்களை) செய்ய அதே ஆண்டவர் கட்டளையிடுகிறார். எண்ணிக்கை 21இல் வெண்கலப் பாம்பு. பின்னாளில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார் (2 அரசர்கள் 18:4). ஒரே பொருள், முதலில் கட்டளைப்படி செய்யப்பட்டது, பிறகு வழிபாட்டுப் பொருளானதும் உடைக்கப்பட்டது. கேள்வியின் முழு நுட்பமும் இதில் இருக்கிறது. 787இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், படங்களுக்குச் செலுத்தும் வணக்கம் அவை குறிக்கும் ஆளுக்குப் போகிறது என்றும், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்றும் பிரித்தது. அந்தக் கோட்டை நம் ஊர்ப் பக்தி முயற்சிகள் எப்போதும் தாண்டுவதில்லை என்று சொல்ல முடியாது; எசேக்கியாவை மறக்காமல் இருப்பது நல்லது.

கூடவே வரும் குற்றச்சாட்டு: 'கத்தோலிக்கர் இரண்டாம் கட்டளையை எடுத்துவிட்டார்கள்.' எடுக்கவில்லை. பத்துக் கட்டளைகளை எண்ணும் முறை ஒன்றுக்கு மேல் உண்டு (பத்தி 2066). அகுஸ்தீன் வழி எண்ணிக்கையில் சிலை பற்றிய பகுதி முதல் கட்டளைக்குள் அடங்கும். பிறர் மனைவியை விரும்பாதே, பிறர் உடைமையை விரும்பாதே என்பவை இணைச் சட்டம் 5:21ஐ ஒட்டி இரண்டாகப் பிரியும். ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்யும் சுருக்க வடிவில் சிலை பற்றிய வாக்கியம் இல்லாததால்தான் இந்தச் சந்தேகம் ஓயாமல் வருகிறது. முழு அதிகாரத்தையும் படித்துக் காட்டுங்கள்.

இயேசுவின் சகோதரர்: மாற்கு 6:3இல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். பிறகு மாற்கு 15:40ஐப் பாருங்கள். சிலுவையைத் தொலையில் நின்று பார்க்கும் வேறொரு மரியாவை 'சின்ன யாக்கோபு, யோசே ஆகியோரின் தாய்' என்கிறார். பத்தி 500 இந்த வழியில் விடை சொல்கிறது. அவர்கள் நெருங்கிய உறவினர் என்பது 383 வாக்கில், மரியாவுக்கு வேறு பிள்ளைகள் உண்டு என்ற எல்விதியுவை மறுத்து எரோணிமுஸ் எழுதியது; யோசேப்பின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் என்பது கீழைத் திருச்சபைகளில் வேரூன்றிய விளக்கம். மரியா எப்போதும் கன்னி என்பது போதனை. இரண்டில் எந்த விளக்கம் சரி என்று திருச்சபை கட்டாயப்படுத்தவில்லை.

படி 6: ஆளிடம் கேட்பது

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் பங்குத்தந்தையைப் பிடிக்காதீர்கள். பத்துப் பேர் மந்திரிக்க ஜெபமாலையோடு நிற்பார்கள். நேரம் கேட்டுப் போங்கள். நோட்டில் எழுதிய நான்கு வரியைக் காட்டி, "ஃபாதர், இந்தப் பத்தி வரை படித்திருக்கிறேன், இங்கே நிற்கிறேன்" என்று சொன்னால் பதில் வேறு தரத்தில் வரும். விவிலியம் படித்த அருள்சகோதரிகளும் மறைமாவட்ட விவிலியப் பணிக்குழுவினரும் பல நேரம் கூடுதல் பொறுமையோடு சொல்லித் தருவார்கள். "அதையெல்லாம் கேட்கக் கூடாது" என்று யாராவது சொன்னால் அடுத்தவரிடம் போங்கள்.

புத்தகம் வாங்கினால் முதல் பக்கங்களில் 'அச்சிடலாம்' என்ற ஆயரின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அது நூலில் உள்ள ஒவ்வொரு கருத்துக்கும் உத்தரவாதம் ஆகாது. நம்பிக்கைக்கு முரணாக எதுவும் காணப்படவில்லை என்பது மட்டும் பொருள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்டால், அவை தரும் ஒவ்வொரு வசன எண்ணையும் பத்தி எண்ணையும் திறந்து சரிபாருங்கள். இல்லாத எண்ணைத் தயங்காமல் சொல்லும்.

படி 7: நிலையைக் குறித்துவையுங்கள்

ஒவ்வொரு கேள்வியின் கீழும் 'முடிந்தது', 'பாதி', 'திறந்தே இருக்கிறது' என்று எழுதித் தேதி போடுங்கள். அமலேக்கியரின் குழந்தைகளையும் கொல்லச் சொல்லும் 1 சாமுவேல் 15:3 மூன்றாவது வகையில்தான் பலருக்கும் நிற்கும். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையின் பத்தி 42, இப்படிப்பட்ட 'இருண்ட பகுதிகள்' விவிலியத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டு, அவற்றை வரலாற்றுப் பின்னணியோடும் கிறிஸ்துவின் ஒளியிலும் படிக்கச் சொல்கிறது. அது வழி காட்டுகிறது, வலியை முழுதும் போக்குவதில்லை. இதற்கு ஒரு வரியில் பதில் வைத்திருப்பவரைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஆகவே அந்த அதிகாரத்தை முதல் கேள்வியாக எடுக்க வேண்டாம். வாரம் ஒன்று போதும், ஒரு மணி நேரம். தொடக்கத்துக்கு மாற்கு 2:26ஐ 1 சாமுவேல் 21:1-6உடன் வைத்துப் பாருங்கள்: குரு அபியத்தாரா, அகிமெலக்கா? அடுத்த வாரம் கோலியாத்தைக் கொன்றது யார் என்று 1 சாமுவேல் 17, 2 சாமுவேல் 21:19, 1 குறிப்பேடு 20:5 மூன்றையும் வரிசையாக. மூன்றாவது வாரம் "இம்மண்ணுலகில் உள்ள எவரையும் தந்தை என அழைக்க வேண்டாம்" என்னும் மத்தேயு 23:9. அதை அதிகாரம் முழுவதோடும் படித்துவிட்டு 1 கொரிந்தியர் 4:15ஐத் திறந்து பாருங்கள்.